அந்த ‘டிக்’கைத் துடைக்கவில்லை

நேற்றுப் பிற்பகல் விசாரணை அலுவலர் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்: தோணித்துறைப் பாதை வழக்கில் நாம் கொடுத்த ஒலிப்பதிவுகள் வெட்டி ஒட்டப்பட்டவை என்ற ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்பட்டுவிட்டது, அவை சாட்சியமாக ஏற்கப்படும். எழுத்திலான கட்டளை இன்னும் என் கைக்கு வரவில்லை. ஆகவே இந்தச் செய்திக்கு இப்போதைக்கு ஒரே ஆதாரம் அந்த அலுவலர் அம்மாவின் வாய்ச்சொல். இரண்டாவது ஆதாரம் கிடைக்கும்வரை நான் எதையும் வெளியிடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இது வெளியீடு இல்லையே, உனக்குச் சொல்வதுதானே. அதனால் காத்திருக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு, மேசையில் கிடந்த உன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். எதையும் கேட்கவேண்டும் என்று மாட்டவில்லை. அதன் காது மெத்தைகளில் நீ நெற்றிக்குத் தடவும் தைலத்தின் மணம் இன்னும் இருக்கிறது. நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. பஞ்சின் மேல்தோல் பொடிந்து கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டுகிறது. மணம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. உன் பொருள் அல்லவா, பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

உன் அடக்க ஆராதனையில் பேசிய ஒருவர் உன்னை “அமைதியான சகோதரி” என்றார். பின்வரிசை வாங்கில் இருந்த எனக்கு, எழும்பி ஒரு மறுப்பறிக்கை கொடுக்கலாமா என்று தோன்றியது. அமைதியான சகோதரியா நீ? கூட்டமொன்றில் நம் மைக் வயரை மிதித்துக்கொண்டு நின்ற பிரமுகரைப் பார்த்து, “காலத் தூக்குங்க ஐயா, ஊர்ச்சனத்தின்ட தொண்டையிலதான் நிக்கிறீங்க” என்று சொன்னவள் நீ. அவர் பாம்பை மிதித்தவர்போலத் துள்ளியதையும் நீ பதிவுசெய்து வைத்திருந்தாய். அமைதி உன்னிடம் இருந்ததற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை.

பத்திரிகை தன் மட்டக்களப்புக் கிளையை மூடியபோது நம் இருவருக்கும் ஐம்பது கடந்திருந்தது. வீட்டில் இருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். செட்டிபாளையத்தில் உன் வீட்டின் ஓர் அறையைக் காலிசெய்து, ஜன்னலுக்குச் சாக்கும் போர்வையும் தொங்கவிட்டு, கிழமைக்கு ஒரு தடவை வாவிக்கரை ஊர்களின் செய்தியைக் குரலில் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். எழுதுவது நான், கேட்பது நீ. கனடாவிலிருந்து உன் தம்பி அனுப்பிய, கைக்கடக்கமான ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ்தான் நம் முழு நிலையமும். மைக்கின் வயர் அதற்குள் போகும். அதிலிருந்து இன்னொரு வயர் மடிக்கணினிக்குப் போகும். பேசுகிறவரின் குரல் எண்களாக மாறிக் கணினிக்குள் இறங்கும். நீ அதைக் கடைசிவரை “பெட்டி” என்றுதான் சொன்னாய்.

பெட்டி வந்த முதல் மாதமே இரையத் தொடங்கியது. யார் பேசினாலும் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓயாத முனகல். கொழும்பிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் அதைக் கேட்டுக் கண் விரிந்து, “மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்களே, அதுவா இது?” என்றார்.

“ஓம் தம்பி,” என்றாய் நீ, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “எங்கட பிரிட்ஜுக்குள்ள கிடக்கிற மீன்தான் பாடுது. மத்தியானம் பொரிச்ச பொறகு பாடாது.”

உண்மையில் பாடியது பிரிட்ஜ்தான். அதுவும் கணினியின் சார்ஜரும் ஒரே சுவர்ச் செருகியில் இருந்தன. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கணினியை அதன் பற்றரியில் ஓடவிட்டதும் முனகல் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரே வரிசைதான் உனக்கு: “முதல்ல வயரப் பாரு, மறுகா பெட்டியப் பாரு, கொம்பியூட்டரக் கடைசியா ஏசு.” ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தால், ஹெட்போன் முனை பாதிதான் உள்ளே போயிருக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், கணினி பெட்டியை விட்டுவிட்டுத் தன் சொந்த மைக்கால் கேட்டிருக்கும். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்ததும் நீ அந்தக் கருவியைப் பார்த்து ஒரு வசை சொல்வாய். வசையை இங்கே எழுதினால் அந்த அமைதியான சகோதரி கதை முடிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உனக்கு இருந்தது. அதை நான் வேறு எந்தச் செய்தியாளரிடமும் கண்டதில்லை. மைக் முன்னால் இருக்கிறவர் யாராக இருந்தாலும், அத்தாங்கு வலையோடு நனைந்த சேலையில் வந்த இறால்காரியாக இருந்தாலும், அவர் காதிலும் ஒரு ஹெட்போனை மாட்டுவாய். அவர் பேசப் பேச அவர் குரல் அவருக்குக் கேட்கவேண்டும். என்னத்துக்கு இந்தச் சடங்கு என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டேன். நீ திருப்பிக் கேட்டாய்:

“இத்தின வருசமா நாம என்ன செய்த கா? சனத்திட்டக் கதையக் கேட்டம், கொண்டு போனம், எழுதினம். அவங்க என்ன சொன்னாங்க எண்டு அவங்களுக்கு ஆரு கேக்கக் குடுத்த? சொல்றவருக்குத் தான் சொல்றது கேக்கோணும்.”

பேசி முடித்ததும் முழுவதையும் போட்டுக் காட்டுவாய். ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் சொன்னால், வெட்டமாட்டாய். திருத்தத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்துக் கடைசியில் சேர்த்துப் பதிவாய். ஒருவருடைய இருமலைக்கூட எடுக்க விட்டதில்லை. “நல்லதுக்கு வெட்டினாலும் வெட்டினதுதான்” என்பாய். இருமல்களோடு நம் செய்தி அரைமணி நேரம் ஓடும். கேட்கிறவர்கள் குறைகிறார்கள் என்று நான் சொன்னால், “குறையட்டும், இருமாத ஊரெண்டா அவங்க அங்க போய்க் கேக்கட்டும்” என்பாய்.

பெட்டியில் ஹெட்போனுக்கு ஒரே ஓட்டை. உனக்கும் பேசுகிறவருக்கும் சேர்த்து, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சிறு வயரை வாங்கிப் போட்டிருந்தாய். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்றில் அந்த ‘ரெண்டுகால் வயர்’ கறள் பிடித்துச் செத்தது. பேசுகிறவரின் ஹெட்போனைக் கழற்றி மடிக்கணினியின் ஓட்டையில் செருகினாய். கேட்டது. வேலை தொடர்ந்தது. அந்தச் சிறு மாற்றத்தை நாம் யாரும் ஒரு சம்பவமாகவே எண்ணவில்லை.

அந்த நாட்களில்தான் வாவியோரக் காணி கைமாறியது. வாங்கியவர் ஊருக்குப் புதியவர். கம்பிச்சுருள்கள் வந்து இறங்கின. காணியின் நடுவால்தான் தோணித்துறைக்குப் போகும் பாதை. அந்தப் பாதை மூடப்பட்டால் தோணிக்காரர் வலையையும் மீனையும் சுமந்துகொண்டு கரச்சை என்ற சதுப்பைச் சுற்றிப் போகவேண்டும். மழைக்கு அந்தக் கரச்சை இடுப்பளவு சேறு. இறால் பிடிக்கும் பெண்களுக்கு அந்தச் சுற்றுவழியும் இல்லை. காணிக்காரர் தரப்பு சொன்னது ஒன்றுதான்: அங்கே பாதை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தது என்று காட்ட ஊரிடம் கடதாசி இல்லை. நினைவுதான் இருந்தது. அதைப் பதிவுசெய்யப் புறப்பட்டோம்.

துறையில் தோணி கட்டியவர்களில் மிக முதியவர் சாமித்தம்பி அண்ணன். அவரை உன் அறைக்குக் கூட்டிவந்து, தலையில் ஹெட்போனை மாட்டினாய். பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

“என்ன அண்ணன்?”

“ஆரோ எனக்குப் பின்னால நிண்டு நான் சொல்றதத் திருப்பிச் சொல்றான் தங்கச்சி.”

“அது ஒங்கட மனச்சாட்சி. பொய் சொன்னீங்கெண்டா அதுவும் பொய் சொல்லும்.”

“அப்ப என்ட மனச்சாட்சிக்கு நல்லா வயசு போயிற்று. எனக்குப் பின்னால நொண்டி நொண்டி வருகுது.”

நாம் மூவரும் சிரித்தோம். சிரிப்பும் பதிவில் இருக்கிறது. மறுகா அவர் நிதானமாகச் சொன்னார்: “என்ட அப்பன் இவடத்ததான் தோணி கட்டின. நானும் இவடத்ததான் கட்டின. வாவிக்கு அங்கால படுவான்கரையில இரிந்து நெல்லு ஏத்தி வாற தோணியும் இவடத்ததான் வந்து அடையும். வண்டில் வந்து நிண்டு ஏத்திக்கொண்டு போகும். வண்டில் வந்ததெண்டா பாதை இரிந்துதானே? வண்டிலென்ன பறந்தா வந்த?”

போட்டுக் கேட்டபோதுதான் அது விழுந்தது. ‘படுவான்’ என்பதற்கும் ‘கரை’ என்பதற்கும் நடுவே, நகத்தால் மேசையைச் சுண்டியதுபோல ஒரு ‘டிக்’. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பேச்சின் நடுவிலும் விழுந்தது, மௌனத்தின் நடுவிலும் விழுந்தது. “பல்லி சொல்லுது, அப்ப நான் சொன்னது உண்மைதான்” என்று சாமித்தம்பி அண்ணன் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். நீ அறைக்குள் பல்லி தேடினாய்.

பிறகு அந்த ‘டிக்’ உன்னைப் பிடித்துக்கொண்டது. வயர் எல்லாவற்றையும் மாற்றினாய். காற்றாடியை நிறுத்தினாய், கைத்தொலைபேசிகளை வளவுக்கு அப்பால் அனுப்பினாய், என் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றவைத்தாய். பதிவு செய்யும்போது உன் காதில் அது ஒருமுறையும் கேட்கவில்லை. போட்டுக் கேட்டால் மட்டும் இருந்தது. அதுதான் உனக்குப் பெரிய அவமானம். “என்ட காதுக்குத் தெரியாம என்ட பதிவுக்குள்ள ஆரு வந்த?” எத்தனை நேரத்துக்கு ஒருமுறை விழுகிறது என்று பார்க்க, நீ ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முணுமுணுத்தாய். ஒவ்வொரு தடவையும் ‘ஆமென்’ சொல்லும் இடத்தில் ‘டிக்’. “ஒரு பரமண்டலத்துக்கு ஒரு டிக் கா” என்றாய். சைவக்காரியான நான் அந்த ஜெபத்தை மனப்பாடம் செய்தது அப்படித்தான். போதகரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

பிறகு நோய் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் நான் வந்தால், சாப்பிட்டாயா, மழையா என்று எதுவும் கேட்கமாட்டாய்.

“டிக் போச்சா?”

“இல்ல.”

“வயரப் பாத்தியா?”

“பாத்தன்.”

“பெட்டிய?”

“அதையும் பாத்தன்.”

“அப்ப கொம்பியூட்டர ஏசு கா. எனக்கு ஏச மூச்சில்ல.”

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தாள். நீ அவளைப் பார்த்து, “சிரிக்காத புள்ள, அது போகாம நானும் போகமாட்டன்” என்றாய். நீ சொன்னவற்றில் பொய்யாய்ப்போன ஒன்றைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அது போகவில்லை, நீ போனாய்.

அடுத்த மழைக்கு முன்னமே வேலி எழும்பிவிட்டது. ஊர் முறைப்பாடு கொடுத்தது. விசாரணை தொடங்குவதற்குள் சாமித்தம்பி அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து, வலக்கையும் பேச்சும் போயின. இனி அவர் சாட்சி சொல்லவேண்டுமென்றால் அந்தப் பதிவுதான் சொல்லவேண்டும். அதைக் கொடுத்தோம். காணிக்காரரின் சட்டத்தரணி கெட்டிக்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

“இந்தப் பதிவில் ஒழுங்காக ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கத்தரிக்கோல் விழுந்த இடம். முதியவர் சொல்லாததைச் சொன்னதாக ஒட்டியிருக்கிறார்கள். பதிவு செய்த பெண்மணி உயிருடன் இல்லை. பேசியவருக்குப் பேச்சில்லை. நான் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது?”

ஒரு சாட்சியின் குரலைச் சந்தேகிப்பது சட்டத்தரணியின் தொழில். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இருமலைக்கூட வெட்டாத உன்னை வெட்டி ஒட்டியவள் என்று ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள் முன்னால் சொன்னார். நீ அங்கே இருந்திருந்தால் உத்தியோகத்தர்கள் உன்னை வெளியேற்றியிருப்பார்கள். நான் எழும்பி, அடுத்த அமர்வில் பதில் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒலித் துறையில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர். “அக்கா, ஒரு நிமிச வேலை. டிக் எல்லாத்தையும் துடைச்சுக் கிளீனாத் தாறன். ஆருக்கும் தெரியவராது.”

“தெரியவராது எண்டபடியாத்தான் வேணாம்” என்றேன்.

அவருக்கு வருத்தம். ஊரிலும் சிலருக்கு வருத்தம். துடைத்துக் கொடுத்தால் முடிகிற விஷயத்தை இந்த மனுசி இழுக்கிறாள் என்றார்கள். துறை கையைவிட்டுப் போனால் பழி என்மேல். அதை அறிந்துதான் மறுத்தேன். வெட்டவில்லை என்று நிரூபிக்க முதல் வேலையாக வெட்டத் தொடங்குவதா?

உன் தங்கை அறையைத் திறந்துவிட்டாள். உன் பதிவுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டேன், ஒன்றையும் தாண்டாமல். ஆரம்பகாலப் பதிவுகளில் முனகல் இருந்தது, இருமல் இருந்தது, ‘டிக்’ இல்லை. நடுவில் ஒரு பதிவின் முடிவில் உன் குரல்: “இந்த ரெண்டுகால் வயர் கறள் பிடிச்சுச் செத்துப் போயிற்று, எறி அத.” அதற்கு அடுத்த பதிவில், அன்று நாம் கவனிக்காமல் விட்ட முதல் ‘டிக்’. எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சாமித்தம்பி அண்ணனின் பதிவைப் போட்டேன். ‘ஆரோ எனக்குப் பின்னால நிண்டு நான் சொல்றதத் திருப்பிச் சொல்றான்.’ நீ மனச்சாட்சி என்று சொல்லிச் சிரிக்கவைத்த அதே இடம்.

அவர் குரல் அவருக்கு ஏன் பிந்தி வந்தது? உனக்குப் பிந்தவில்லையே. உன் ஹெட்போன் பெட்டியில் இருந்தது. குரல் மைக்கிலிருந்து பெட்டிக்கு வந்து நேரே உன் காதுக்குப் போனது. அவருடையது மடிக்கணினியில் இருந்தது. குரல் பெட்டிக்குள் போய், கணினிக்குள் இறங்கி, கணினியின் இன்னொரு வாசலால் வெளியே வந்து அவரிடம் போனது. சுற்றிவந்ததால் பிந்தியது. அதாவது, கணினி உள்ளே எடுத்தது பெட்டியின் தாளத்தில். வெளியே விட்டது தன் சொந்தத் தாளத்தில். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி நெல் குத்துவதுபோல. ஒருத்தியின் கை மற்றவளைவிட ஒரு மயிரிழை வேகம் என்றால், தொடக்கத்தில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒரு கட்டத்தில் உலக்கையோடு உலக்கை மோதும். ஒருத்தி ஒரு குத்தை விட்டுவிட்டு மறுபடி தொடங்குவாள். அந்த விட்ட குத்துத்தான் ‘டிக்’.

வயரில் பிழையில்லை. பெட்டியில் பிழையில்லை. கணினியிலும் பிழையில்லை. பேசுகிறவருக்கும் கேட்கவேண்டும் என்ற உன் பிடிவாதத்தால் வந்தது. நான் அதை உனக்கு எதிராகச் சொல்லவில்லை. அந்த அறையில் தனியாக இருந்து, உன் வசைகளில் மிக மோசமானதைச் சத்தமாகச் சொன்னேன். உன் தங்கை எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த அமர்வுக்குப் பெட்டியையும் மடிக்கணினியையும் இரண்டு ஹெட்போன்களையும் கொண்டுபோனேன். சாமித்தம்பி அண்ணனை அவர் மகள் ஓட்டோவில் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினாள். உரல் கதையைச் சொன்னேன். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இதே முறையில் யாராவது ஒருவர் பேசிப் பார்க்கட்டும் என்றேன். “நீங்கள் சொல்கிற ஆள் வேண்டாம்” என்றார் சட்டத்தரணி. “சரி, நீங்களே பேசுங்கள் ஐயா” என்றேன். அவருக்கு மறுக்க வழியில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் ஆட்சேபத்தையே மறுபடி சொன்னார். தன் குரல் பிந்தி வந்து இடறியதில் அவர் பேச்சு மெதுவானது. கொஞ்சம் பேசியதும் நிறுத்தி, போடச் சொன்னார். போட்டேன். தெளிவான குரல். ஒரு ‘டிக்’கும் இல்லை.

“எங்கே அம்மா உங்கள் உலக்கை?”

பின்னாலிருந்து யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. “இன்னும் கொஞ்சம் பேசுங்கள் ஐயா. மோதுவதற்கு நேரம் வேண்டும்” என்றேன். பேசினார். நான் கண்ணை மூடாமல், உதட்டை அசைக்காமல், உன் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமென் வந்ததும் “போதும் ஐயா” என்று சொல்லிப் போட்டேன். “என் கட்சி” என்றது அவர் குரல். ‘டிக்’. “காரர்” என்றது.

மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஓர் இறால்காரியின் குரல்: “ஆரு ஐயா ஒங்கட கட்சிக்காரர ரெண்டா வெட்டின?”

அலுவலரே சிரித்துவிட்டார். சட்டத்தரணி சிரிக்கவில்லை, அவர் யோசித்துக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய ரெண்டுகால் வயரைப் பெட்டியில் போட்டு இரண்டு ஹெட்போன்களையும் அதிலேயே செருகி, கணினியின் வாசலை அடைத்துவிட்டு அவரை மறுபடி பேசவைத்தேன். அதே நீளம் பேசினார். சுத்தம்.

“சரி,” என்றார் அவர். “‘டிக்’ என்பது கத்தரிக்கோல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வேறெங்கும் வெட்டவில்லை என்று ஆகிவிடுமா?”

நியாயமான கேள்வி. அதைத்தான் நான் எதிர்பார்த்து வந்திருந்தேன். “ஆகும் ஐயா. அந்த ‘டிக்’ தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே இடைவெளியில் விழுகிறது. நடுவில் ஒரு சொல்லை எடுத்திருந்தால் அந்த இடத்தில் இடைவெளி குறையும். ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் கூடும். நீங்களே அளந்து பாருங்கள். இதனால்தான் இதைத் துடைக்கச் சொன்னவர்களுக்கு நான் மாட்டேன் என்றேன்.”

அலுவலர் பதிவைத் தன் ஆட்களைக் கொண்டு அளப்பதாகச் சொன்னார். எழும்புமுன் என்னிடம் ஒன்று கேட்டார்: பேசுகிறவருக்கு ஏன் ஹெட்போன்? யாரும் அப்படிச் செய்வதில்லையே? நீ சொன்னதைச் சொன்னேன். “சொல்றவருக்குத் தான் சொல்றது கேக்கோணும்.” அவர் தலையாட்டிவிட்டு, சாமித்தம்பி அண்ணனின் பதிவை முழுவதும் மண்டபத்தில் போடச் சொன்னார். முன்வரிசையில் இருந்த அண்ணனின் காதில் ஹெட்போனை நான் மாட்டினேன். வண்டில் பறந்தா வந்தது என்ற இடத்தில் அவர் உதடு, வாதத்தில் சரிந்த பக்கத்தோடு சேர்த்து, அசைந்தது. இந்தத் தடவை குரல் அவருக்கு முன்னால் போனது. அவர்தான் பின்னால் வந்தார்.

அளந்தார்கள். இடைவெளி எங்கும் முறியவில்லை. நேற்றுத் தொலைபேசி வந்தது. இதுதான் இதுவரை நடந்தது.

உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று கேட்டால், ஒரு பிடிவாதத்தைச் சொல்வேன். முன்பு அதைச் சடங்கு என்றேன். இப்போது குருக்கள்மடத்துக்குப் போனாலும் படுவான்கரைக்குப் போனாலும், பேசுகிறவர் காதில் முதலில் மாட்டிவிட்டுத்தான் நான் கேள்வி கேட்கிறேன். நேற்று முன்தினம் ஒரு பெண் தன் குரலைக் கேட்டுவிட்டு, “நான் இவ்வளவு கோவமாவா கதைக்கிறன்?” என்றாள். “ஓம்” என்றேன். “அப்ப இன்னும் கொஞ்சம் கதைக்கிறன்” என்றாள். அரைமணி நேரம் ஓடியது. ஓர் இருமலையும் எடுக்கவில்லை.

இன்னும் நிலுவையில் இருப்பவை: எழுத்திலான கட்டளை இந்தக் கிழமைக்குள் தபாலில் வரும் என்று அலுவலர் சொன்னார். பாதை பொதுவானதா, வேலி எடுக்கப்படுமா என்ற இறுதி முடிவு அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில். சாதகமாக வரும் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை, எழுதமாட்டேன். இன்று காலை துறைப்பக்கம் போனேன். சாமித்தம்பி அண்ணனின் மகள், வேலிக்கு வெளியே கவிழ்த்துவைத்த தோணிக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தாள். முடிவு வரட்டுமே புள்ள என்றேன்.

“முடிவு அதின்ட பாட்டுக்கு வரட்டும் அக்கா” என்றாள், நிமிராமல். “வரக்குள்ள தோணி ஓட்டையாக் கிடக்கேலாதே.”

கீல் காய நல்ல வெயில் வேண்டுமாம். அடுத்த மாதம் இரண்டாம் வாரத்துக்கு முன் காய்ந்துவிடும் என்கிறாள்.